வருமான வரி இல்லாத இரு மாநிலங்கள்: ஓய்வுக்காலத்துக்கு டெக்சாஸா, புளோரிடாவா?

அமெரிக்காவில் ஓய்வு வயதை நெருங்குவோர், வரி குறைந்த மாநிலம் ஒன்றுக்குக் குடிபெயரலாமா என்று யோசிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் அடிபடும் பெயர்கள் புளோரிடாவும் டெக்சாஸும்தான். இரண்டிலும் தனிநபர் வருமானத்துக்கு மாநில வரி கிடையாது. அந்த உறுதி இரண்டிலும் சாதாரணச் சட்டமாக இல்லாமல் மாநில அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புளோரிடா வாக்காளர்கள் 1924இல் வருமான வரிக்குத் தடை விதித்தார்கள். 1971இல் நிறுவனங்களின் வருமானத்துக்கு மட்டும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. டெக்சாஸில் 2019ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர் தடைக்கு ஆதரவளித்தார்கள். இறந்தவரின் சொத்தின் மீதோ வாரிசுரிமையின் மீதோ இரு மாநிலங்களும் வரி வசூலிப்பதில்லை. ஆகவே, பலரும் முதன்மையாகக் கருதும் இந்த அம்சத்தில் இரண்டுக்கும் இடையே வேறுபாடே இல்லை. வேறுபாடு முழுவதும் வீட்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது: வீட்டுக்கு வரி எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, தம்பதியரில் ஒருவர் மறைந்த பிறகு அந்த வீடு மற்றவருக்கு எந்த நிபந்தனைகளோடு மிஞ்சுகிறது என்பவைதான் உண்மையான கேள்விகள்.

அவற்றுக்குப் போகும் முன், வருமான வரி இல்லாததால் ஓய்வு பெற்ற ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். மத்திய அரசு தரும் ஓய்வுக்கால உதவியான சோஷியல் செக்யூரிட்டி தொகைக்கு வரி விதிக்கும் மாநிலங்கள் இன்று பத்துக்கும் குறைவு. வருமான வரி உள்ள மாநிலங்களான இல்லினாயும் பென்சில்வேனியாவும் ஓய்வூதியத்துக்கும், ஓய்வு வயதுக்குப் பின் 401கே எனப்படும் பணியாளர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்துக்கும் வரி கேட்பதில்லை. நியூஜெர்சியில் 62 வயதைக் கடந்த தம்பதியரின் மொத்த வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் அவர்களது ஓய்வூதிய வருமானத்துக்கு விலக்கு உண்டு. பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே குடிபெயரும் ஓய்வூதியர், மாநில வருமான வரியில் ஏறக்குறைய ஒன்றையும் மிச்சப்படுத்துவதில்லை. கலிபோர்னியாவிலிருந்து வருபவரின் கணக்கு வேறு: அங்கே 401கே பணமும் பங்கு விற்பனை லாபமும் முழு வரிக்கு உட்பட்டவை, உச்ச விகிதம் 13.3 சதவீதம். மத்திய அரசின் வருமான வரியோ எங்கே போனாலும் கூடவே வருகிறது. சோஷியல் செக்யூரிட்டி தொகையில் 85 சதவீதம் வரை அந்த வரிக்கு உட்படக்கூடும். எனவே குடிபெயர நினைப்பவர், கடந்த ஆண்டு தாம் மாநிலத்துக்குக் கட்டிய வருமான வரியை எடுத்துப் பார்த்தால் போதாது. சம்பளம் நின்ற பிறகு கட்டவேண்டியிருக்கும் வரி எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அந்தத் தொகைதான் மாறிச் செல்வதால் வரும் உண்மையான ஆதாயம். பலருக்கு அது எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.

வருமான வரியை வாங்காத அரசு, பள்ளிகளையும் சாலைகளையும் நடத்த வேறு எங்கிருந்தாவது பணம் பெற்றாக வேண்டும். இரு மாநிலங்களிலும் விற்பனை வரி உண்டு. புளோரிடாவில் மாநிலப் பங்கு 6 சதவீதம். அதன் மேல் பல கவுண்டிகள் (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பகுதிகள்) சிறிது சேர்க்கின்றன. டெக்சாஸில் 6.25 சதவீதம், உள்ளூர் அமைப்புகள் சேர்ப்பதையும் கூட்டினால் அதிகபட்சம் 8.25 சதவீதம். மளிகைப் பொருள்களுக்கும் மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுக்கும் இரண்டிலும் விலக்கு இருப்பதால், ஓய்வூதியரின் குடும்பச் செலவில் இதனால் பெரிய மாற்றம் ஏதும் வராது.

சொத்து வரியே பெரிது. டெக்சாஸின் சொத்து வரி நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது, அது உண்மையே. ஆனால் 65 வயதைக் கடந்தவருக்கு அந்தப் பொது உண்மை அப்படியே பொருந்துவதில்லை, குறிப்பாக 2025க்குப் பிறகு. டெக்சாஸில் வீட்டு வரி ரசீதின் பெரும்பங்கு, பல இடங்களில் ஏறத்தாழ பாதி, உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்குச் செல்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்போருக்குப் பள்ளி வரியில் தரப்படும் மதிப்பு விலக்கு 2023இல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் வாக்கெடுப்பில் அது 1,40,000 ஆனது. 65 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவரை இருந்த 10,000 டாலர் கூடுதல் விலக்கும் 60,000 ஆக்கப்பட்டது. இப்போது மூத்தவர் ஒருவரின் வீட்டு மதிப்பில் முதல் இரண்டு லட்சம் டாலருக்குப் பள்ளி வரியே இல்லை. அதைவிட முக்கியமானது, அவர் தகுதி பெறும் ஆண்டில் பள்ளி வரி எவ்வளவோ அதுவே உச்ச வரம்பாக உறைந்துவிடுகிறது என்பது. வீட்டைப் பெரிதாக விரிவுபடுத்தினால் ஒழிய, விலை எவ்வளவு ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது. டெக்சாஸுக்குள்ளேயே வேறு வீட்டுக்கு மாறினால் அந்தச் சலுகையின் விகிதத்தைக் கொண்டுசெல்லலாம். துணைவர் மறைந்தால், உயிரோடிருப்பவருக்கு 55 வயது நிரம்பியிருந்தால் வரம்பு அவருக்குத் தொடரும்.

புளோரிடாவின் ஏற்பாடு வேறு வகையானது. அங்கே சொந்த வீட்டுக்கான விலக்கு மொத்தம் சுமார் 50,000 டாலர். அதில் பாதி பள்ளி வரிக்குப் பொருந்தாது. ஆனால் 1992இல் வாக்காளர்கள் ஏற்று 1995இல் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம், வரிக்காகக் கணக்கிடப்படும் வீட்டு மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது பணவீக்க விகிதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறது. இந்த வரம்பு வயதைப் பார்ப்பதில்லை. நீண்டகாலம் அதே வீட்டில் இருப்பவருக்குப் பயன் தருகிறது. இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவரின் வரிக்குரிய மதிப்பு சந்தை விலையில் பாதியாகக் கூட இருக்கலாம். அவர் வீட்டை விற்றதும் அந்தப் பாதுகாப்பு வீட்டைவிட்டு நீங்கி, அடுத்த ஜனவரி 1 அன்று முழுச் சந்தை மதிப்புக்கு மறுமதிப்பீடு நடக்கிறது. பழைய உரிமையாளர் சேர்த்த சலுகையில் 5 லட்சம் டாலர் வரை அவர் புளோரிடாவுக்குள் வாங்கும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். வெளிமாநிலத்திலிருந்து வருபவரிடம் கொண்டுவர ஒன்றும் இல்லை. புதிதாக வருவோரில் பலர் ஏமாறும் இடம் இதுதான். விற்பனை விளம்பரத்தில் காணும் வரித் தொகை விற்பவருடையது. வாங்குபவருடைய தொகை அதைப்போல இருமடங்காக வரக்கூடும். வாங்கிய முதல் ஆண்டில் பழைய மதிப்பிலேயே ரசீது வருவதால், இரண்டாம் ஆண்டு ரசீதைப் பார்த்து அதிர்கிறார்கள்.

இரண்டையும் எண்களில் வைத்துப் பார்க்கலாம். விகிதங்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை மட்டுமே. டெக்சாஸில் பள்ளி வரி 1 சதவீதம், மற்ற உள்ளூர் வரிகள் சேர்ந்து 0.9 சதவீதம் என்று கொள்வோம். புளோரிடாவில் பள்ளிக்கு 0.6, மற்றவற்றுக்கு 1 சதவீதம் என்று கொள்வோம். 4 லட்சம் டாலர் வீடு வாங்கும் 66 வயதுக்காரருக்கு டெக்சாஸில் பள்ளி வரி 2,000 டாலர், மற்றவை 3,600 டாலர், மொத்தம் 5,600. புளோரிடாவில் பள்ளி வரி 2,250 டாலர், மற்றவை 3,500 டாலர், மொத்தம் 5,750. வரிச் சுமையில் மிகவும் வேறுபட்டவை என்று எல்லோரும் நம்பும் இரு மாநிலங்களும் இந்த வயதில், இந்த விலையில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதே கணக்கை 8 லட்சம் டாலர் வீட்டுக்குப் போட்டால் டெக்சாஸில் 13,200, புளோரிடாவில் 12,150. விலக்கு டெக்சாஸில் பெரியது என்பதால் நடுத்தர வீடு அங்கே பயனடைகிறது. விகிதம் புளோரிடாவில் குறைவு என்பதால் விலையுயர்ந்த வீட்டுக்கு அதுவே சாதகம். 60 வயதில் டெக்சாஸுக்குச் செல்பவர் மட்டும், 65 நிரம்பும் வரை கூடுதல் விலக்கும் உச்ச வரம்பும் இல்லாமல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

டெக்சாஸ் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தமே. கையில் ரொக்கம் குறைந்த மூத்தவர், தாம் குடியிருக்கும் வீட்டின் சொத்து வரியை முழுவதும் ஒத்திப்போடலாம். நிலுவைக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி ஏறும். ஆனால் அவர் அந்த வீட்டில் வாழும் வரை வரிப் பாக்கிக்காக வீட்டைக் கைப்பற்ற முடியாது. பிள்ளைகளுக்குச் சேரும் பங்கு குறையும் என்பது உண்மைதான். இருந்தாலும் மருந்துச் செலவா வரியா என்ற நெருக்கடியில் இருக்கும் ஒரு மூதாட்டிக்கு, வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்க இது வழி செய்கிறது. புளோரிடாவிலும் ஒத்திப்போடும் திட்டம் உண்டு. வருமானத்துக்கு ஏற்ற நிபந்தனைகளோடு அது செயல்படுகிறது.

இனி காப்பீடு. என் கணிப்பில் புளோரிடாவின் மறைமுக வரி இதுதான். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே தாக்கியபோது பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. அந்தச் சந்தை அதன் பின் ஒருபோதும் பழையபடி இயங்கவில்லை. பெரிய தேசிய நிறுவனங்கள் பின்வாங்க, சிறிய உள்ளூர் நிறுவனங்கள் அந்த இடத்துக்கு வந்தன. வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கென்று மாநிலமே 2002இல் சிட்டிசன்ஸ் என்ற காப்பீட்டுக் கழகத்தை அமைத்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இயன் சூறாவளி ஃபோர்ட் மயர்ஸ் பகுதியைச் சிதைத்தது. 2024இல் ஹெலீனும் மில்டனும் இரண்டு வார இடைவெளியில் வந்தன. இதனிடையே பல உள்ளூர் நிறுவனங்கள் வீழ்ந்தன. கடைசிப் புகலிடமாக இருக்கவேண்டிய சிட்டிசன்ஸ் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சுமந்து மாநிலத்தின் மிகப்பெரிய வீட்டுக் காப்பீட்டாளராக ஆனது. 2022 டிசம்பரில் சட்டமன்றம் வழக்குச் செலவு விதிகளை மாற்றி நிறுவனங்களின் சுமையைக் குறைத்த பிறகு புதிய நிறுவனங்கள் வரத் தொடங்கி, சிட்டிசன்ஸின் சுமை வெகுவாக இறங்கியிருக்கிறது. பிரீமியம் ஏறும் வேகம் தணிந்திருக்கிறதே தவிர, பிரீமியம் மலிவாகிவிடவில்லை.

பிரீமியத் தொகையோடு பாலிசியின் உள்ளே இருப்பதையும் படிக்க வேண்டும். சூறாவளிச் சேதத்துக்கு உரிமையாளரே முதலில் ஏற்கவேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று விதிக்கப்படுகிறது. 4 லட்சம் டாலர் காப்பீட்டில் அது 2 சதவீதமாக இருந்தாலும் 8,000 டாலர். 5 சதவீதமானால் 20,000. வெள்ளச் சேதம் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் அடங்காது. அதற்கான மத்திய அரசுத் திட்டம் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையே ஈடு தருகிறது. கூரை பழையதாக இருந்தால் பாலிசி கிடைப்பதே சிரமம். அதனால் வீட்டின் வயதைவிடக் கூரையின் வயதை முதலில் கேட்பதே அங்கே வழக்கம்.

கடற்கரையோர அடுக்கு மாடியில் ஒரு கான்டோ, அதாவது தனி உரிமையுள்ள அடுக்கக வீடு, வாங்கி ஓய்வெடுக்க நினைப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூன் 24 அதிகாலை மயாமிக்கு வடக்கே சர்ஃப்சைடு என்ற ஊரில் 12 மாடி சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் கட்டடம் இடிந்து 98 பேர் மாண்டனர். கட்டடத்துக்கு அப்போது வயது 40. பழுதுகள் முன்பே பொறியாளரால் சுட்டிக்காட்டப்பட்டிருந்தும், பெருஞ்செலவு காரணமாகக் குடியிருப்போர் சங்கத்தில் வேலை தள்ளிப்போனது. அதன் பின் 2022இல் வந்த சட்டம், மூன்று மாடிக்குக் குறையாத கான்டோ கட்டடங்கள் 30 வயதில் கட்டுமான ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றும், கூரை, தாங்குசுவர், அடித்தளம் போன்றவற்றின் எதிர்காலப் பழுதுக்கான சேமிப்பை இனித் தள்ளிப்போட முடியாது என்றும் விதித்தது. இந்தச் சட்டம் தேவையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பல ஆண்டுகளாகக் கட்டாமல் விட்ட தொகை முழுவதும் ஒரே நேரத்தில் இன்றைய உரிமையாளர்கள் தலையில் விழுந்தது. மாதக் கட்டணம் ஏறியதோடு, ஒரு வீட்டுக்குப் பல்லாயிரம் டாலர் சிறப்புத் தொகை கேட்டு அறிவிப்புகள் வந்தன. நிலையான ஓய்வூதியத்தில் வாழ்ந்த பலர் விற்றுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 2025இல் விதிகள் சற்றுத் தளர்த்தப்பட்டு, கடன் பெறவும் கால அவகாசம் பெறவும் வழி செய்யப்பட்டது. பழைய கட்டடங்களில் கான்டோக்கள் இப்போது மலிவாகத் தெரிவதற்கு இதுவே முதன்மையான காரணம். வாங்குமுன் ஆய்வறிக்கையையும் சேமிப்புக் கணக்கையும் சங்கத்திடம் கேட்டுப் பெற்றுப் படிக்காமல் கையெழுத்திடக்கூடாது.

டெக்சாஸிலும் காப்பீடு மலிவு என்று நினைக்க வேண்டாம். டாலஸைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆலங்கட்டி மழை கூரைகளைத் துளைக்கிறது. ஹூஸ்டன் 2017இல் ஹார்வி சூறாவளியிலும், 2024இல் பெரில் சூறாவளியிலும் தவித்தது. கடலோரக் கவுண்டிகளில் காற்றுச் சேதத்துக்குத் தனிக் காப்பீட்டு அமைப்பையே நாட வேண்டியிருக்கிறது. ஆனாலும் டெக்சாஸ் பரந்த நிலம். ஆஸ்டினுக்கு வடக்கே ஜார்ஜ்டவுனில் 1990களிலிருந்து வளர்ந்த சன் சிட்டி போன்ற ஓய்வூர்கள் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. தீபகற்பமான புளோரிடாவிலோ, நடுப்பகுதியில் உள்ள தி வில்லேஜஸ் போன்ற ஊர்களுக்கும் சூறாவளி எட்டும். கரையை விட அங்கே வலுக்குறைந்து வரும், அவ்வளவே. டெக்சாஸின் தனிப்பட்ட ஆபத்து மின்சாரம். பெரும்பாலும் மற்ற மாநிலங்களோடு இணையாத தனி மின்வலை அதனுடையது. 2021 பிப்ரவரிக் குளிரில் அந்த வலை நிலைகுலைந்தபோது பல நாள் வீடுகள் உறைந்தன. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள், அவர்களில் முதியவர்கள் கணிசமானோர். ஆக்சிஜன் கருவியையோ குளிர்பதன மருந்தையோ நம்பியிருப்பவர் அங்கே ஜெனரேட்டரையும் வீட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பதியர் கவனிக்கவேண்டிய வேறுபாடு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. டெக்சாஸ், கணவன் மனைவி திருமண வாழ்வில் ஈட்டியதைப் பொதுச் சொத்தாகக் கருதும் மாநிலம். ஒருவர் இறக்கும்போது பொதுச் சொத்து முழுவதன் அடக்க விலையும் (விற்கும்போது லாபத்தைக் கணக்கிட அடிப்படையாகும் விலை) அன்றைய சந்தை விலைக்கு உயர்கிறது. புளோரிடா போன்ற மாநிலங்களில் கூட்டுச் சொத்தில் இறந்தவரின் பாதிக்கு மட்டுமே அந்த உயர்வு கிடைக்கும். ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய பங்குகள் 9 லட்சமாகியிருந்தால், டெக்சாஸில் துணைவர் அவற்றை மறுநாளே விற்றாலும் மத்திய அரசுக்கு லாப வரி இல்லை. புளோரிடாவில் 4 லட்சம் டாலர் லாபத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். வேறு மாநிலத்தில் சேர்த்த சொத்து டெக்சாஸுக்குக் குடிவந்ததும் தானாகப் பொதுச் சொத்தாகிவிடாது. தம்பதியர் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். புளோரிடாவிலும் 2021 முதல் தனி அறக்கட்டளை அமைத்து இதே பலனை நாட இடமுண்டு. ஆனால் அதை மத்திய வரித்துறை ஏற்கும் என்ற உறுதி இல்லை. கடன்காரரிடமிருந்து குடியிருக்கும் வீட்டைக் காப்பதில் இரு மாநிலங்களும் தாராளமானவை. வீட்டின் மதிப்புக்கு வரம்பு இல்லை, நிலத்தின் அளவுக்கு மட்டுமே வரம்பு: நகர்ப்புறத்தில் புளோரிடாவில் அரை ஏக்கர், டெக்சாஸில் 10 ஏக்கர்.

மூத்தோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்கும் 65 வயதுக்கு முன்பே வேலையை விடுவோர், இரண்டும் குறைந்த வருமானத்தினருக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்காத மாநிலங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவமனைகளுக்கு இரண்டிலும் குறைவில்லை: ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், ஜாக்சன்வில்லில் மேயோ கிளினிக். புளோரிடாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர் என்பதால், முதியோர் மருத்துவம், போக்குவரத்து, பொழுதுபோக்கு எல்லாம் அவர்களை முன்வைத்தே வளர்ந்திருக்கின்றன. டெக்சாஸ் இளையோர் மாநிலம். வேலை தேடி வந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பெற்றோர் வருவது அங்கே அதிகம். தமிழ்க் குடும்பங்களிலும் இதைக் காணலாம். பிள்ளைகள் டாலஸ் புறநகரான ஃபிரிஸ்கோவிலோ, பேர்லண்ட் மீனாட்சி கோயில் அருகே ஹூஸ்டனிலோ குடியேறியிருந்தால், ஆண்டுக்கு ஓராயிரம் டாலர் வரி வேறுபாடு முடிவை மாற்றுவதில்லை, மாற்றவும் வேண்டியதில்லை. பிள்ளைகள் நாட்டின் பல மூலைகளில் சிதறியிருப்பவர்களுக்கு, புளோரிடாவின் தவாரஸ் ஊரில் இந்திய மூத்தோருக்கென்றே அமைந்த சாந்திநிகேதன் போன்ற குடியிருப்பு, சமைத்த சாப்பாட்டையும் பேச்சுத் துணையையும் ஒருசேரத் தருகிறது.

எந்த மாநிலமானாலும், பழைய மாநிலத்தை உண்மையாகவே விட்டு வந்திருக்க வேண்டும். ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை 1996இல் வந்த மத்திய அரசுச் சட்டம் தெளிவானது: முன்பு வேலை பார்த்த மாநிலம், இப்போது வெளியே வாழ்பவரின் ஓய்வூதியத்துக்கு வரி கேட்க முடியாது. ஆனால் நியூயார்க்கில் வீட்டை வைத்துக்கொண்டு ஆண்டில் 183 நாளுக்கு மேல் அங்கே தங்கினால், புளோரிடா ஓட்டுநர் உரிமம் காப்பாற்றாது. அந்த மாநில அதிகாரிகள் கைபேசிப் பதிவு வரை கேட்டுச் சரிபார்ப்பார்கள்.

என் முடிவைச் சொல்வதானால், 65 வயதைக் கடந்து, நடுத்தர விலையில் கடலிலிருந்து விலகிய வீடு தேடும் தம்பதியருக்கு இன்றைய விதிகளின்படி டெக்சாஸே பாதுகாப்பான தேர்வு. விலை உயர்ந்த வீட்டை வாங்கவும், காப்பீட்டு உயர்வைத் தாங்கவும் வசதியுள்ளவர்களுக்கும், முதியோரை மையமாகக் கொண்ட ஊர் வாழ்க்கையை விரும்புவோருக்கும் புளோரிடா பொருந்தும். இரண்டில் எதுவானாலும் முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஜூன் முதல் நவம்பர் வரையிலான சூறாவளிக் காலத்தையும் ஓர் ஆகஸ்ட் வெயிலையும் அங்கேயே கழித்துப் பார்ப்பது நல்லது. வாங்கும்போது, காப்பீட்டு விலையை எழுத்தில் பெற்ற பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். புளோரிடாவில் விலக்குக்கான உரிமை ஜனவரி 1 நிலவரப்படி தீர்மானிக்கப்படுகிறது, விண்ணப்பம் மார்ச் 1க்குள் சேர வேண்டும். டெக்சாஸில் வாங்கிக் குடியேறிய ஆண்டிலேயே கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிறந்த தேதிக்கான சான்றை அதனுடன் இணைத்தால் மூத்தோர் விலக்கும் பள்ளி வரி உச்ச வரம்பும் அந்த ஆண்டிலிருந்தே தொடங்கும்.